கரண்டிக்காரரின் ஃபோர்ஹேண்ட்

என் அத்தான் ஒரு கல்லுளிமங்கன். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்வதற்கென்று வேறு வார்த்தைகள் வைத்திருக்கிறேன். அக்கா காதில் விழக்கூடாது என்பதால் அவற்றை வேன் ஓட்டும்போது மட்டும் எடுத்து விடுகிறேன்.

அத்தான் என்றால் அக்கா புருஷன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கேன்டீனில் பரிமாறுகிறவர். நான் அதே ஆஸ்பத்திரியின் அழுக்குத் துணிகளை மூட்டை மூட்டையாகச் சலவைக்கு ஏற்றிப் போகிறவன். காலையில் இரண்டு பேரும் ஒரே கேட்டில்தான் நுழைவோம். அவர் வாசனை வருகிற பக்கம் திரும்புவார், நான் மற்றப் பக்கம்.

பரிமாறுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஸ்டீல் மேடையில் பதித்த பாத்திரங்களுக்குப் பின்னால், முகத்தில் ஆவி அடிக்க நின்றுகொண்டு, கரண்டியை முக்குவார், தூக்குவார், கிண்ணத்துக்கு மேலே கொண்டுவந்து மணிக்கட்டை உள்பக்கமாக ஒரு கவிழ்ப்புக் கவிழ்ப்பார். சூப் முழுக்கக் கிண்ணத்தில் இருக்கும். விளிம்பில் ஒரு சொட்டு இருக்காது. அந்தக் கவிழ்ப்புக்காகவே ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குக் கரண்டிக்காரர் என்று பேர். அவருடைய உண்மையான பேர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

டிரேயோடு வருகிற ஆளின் முகத்தைப் பார்த்தே இன்னொரு கரண்டி வேண்டுமா என்று கண்டுபிடித்துவிடுவார். விடிய விடிய நோயாளி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர்களுக்குக் கேட்காமலே கூட விழும். சாப்பாட்டை ஒருத்தர் கேட்டு வாங்கும்படி வைக்கக்கூடாது என்பது அவர் கட்சி. இது வரைக்கும் நல்ல மனுஷன்தான். வம்பு எங்கே என்றால், அவரும் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். பஸ் வரவில்லை என்றால், எப்போது வரும் என்று பக்கத்து ஆளைக் கேட்காமல் நடந்தே வந்துவிடுவார். உப்புப் போட மறந்த சாப்பாட்டை உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்து போவார். அக்கா தன் தட்டில் கைவைத்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரியும். உடனே எனக்கு போன் வரும்.

சின்ன வயதில் ஏதோ விடுதியில் இருந்தாராம். இரண்டாவது தடவை தட்டை நீட்டினபோது, வரிசை மொத்தமும் பார்க்க, போதும் போ என்று விரட்டிவிட்டார்களாம். இதை ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "கேட்டு, இல்லைன்னு சொல்லிட்டா, நீட்டின கையை அப்புறம் எங்க வச்சுக்கிறது?" என்றார். பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இவருக்கு ஒரே மகள். வீட்டில் அவளுக்குப் பொடிசு என்று பேர். இப்போது அப்பாவை விட ஒரு சாண் உயரம், மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை, ஆனாலும் பொடிசு பொடிசுதான். முகம் அக்காவுடையது. வீம்பு அப்பாவுடையது. அது மட்டும் ஒரு சொட்டு சிந்தாமல் அப்படியே இறங்கியிருக்கிறது.

டிஸ்க் கோல்ஃபை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது பொடிசுதான். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பந்துக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதிலாக, கம்பத்தில் மாட்டிச் சுற்றிலும் சங்கிலி தொங்கவிட்ட ஒரு இரும்புக் கூடை. கோட்டில் நின்று தட்டை வீச வேண்டும், விழுந்த இடத்துக்குப் போய் மறுபடி வீச வேண்டும், கூடையில் சேர்க்கும் வரை விடக்கூடாது. குறைந்த வீச்சில் சேர்ப்பவர் கெட்டிக்காரர். எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் பூங்காதான் மைதானம். "நாள் முழுக்கத் தட்டோட மாரடிச்சுட்டு வர்றீங்க, லீவு நாள்லயும் தட்டா?" என்று அக்கா கேட்டுப் பார்த்தாள். ஆனால் தடுக்கவில்லை. ஏன் என்றால், வீட்டில் வாயைத் திறக்காத அப்பாவும் மகளும் அங்கே போனால் பேசினார்கள். காற்று இந்தப் பக்கம் அடிக்கிறது, இன்னும் கொஞ்சம் தாழ்வாக விடு, இந்த மாதிரி. அத்தான் கணக்கில் அது சொற்பொழிவு.

இந்தத் தட்டை இரண்டு விதமாக வீசலாம். உடம்புக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோய்ப் புறங்கை முன்னால் வர விடுவது பேக்ஹேண்ட். வலது கைக்காரர் விட்டால் கடைசியில் இடது பக்கம் சரியும். குளத்தில் சில்லுக்கல்லைத் துள்ளவிடுகிற மாதிரி, பக்கவாட்டில் உள்ளங்கை முன்னால் வர விடுவது ஃபோர்ஹேண்ட். அது வலது பக்கம் சரியும். அத்தானுக்கு பேக்ஹேண்டைத் தவிர வேறு தெரியாது. எல்லாக் கூடைக்கும் அதை வைத்தே ஒப்பேற்றிவிடுவார், ஏழாவதைத் தவிர. ஏழாவதுக்குப் போகிற பாதை மரங்களுக்கு நடுவே நேராகப் போய், திடீரென்று வலது பக்கம் வளையும். இடது பக்கம் குட்டை. பேக்ஹேண்ட்காரர்களை விழுங்குவதற்கென்றே வெட்டிய குட்டை. என் தட்டுகளில் பாதி அங்கேதான் குடித்தனம் நடத்துகின்றன.

போன வருஷம் ஜோடி ஆட்டம் நடந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, சுற்றுவட்டாரத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் ஜோடி ஜோடியாக வந்து ஆடுவார்கள். ஜோடியில் இரண்டு பேரும் வீசலாம், எவருடைய தட்டு நல்ல இடத்தில் விழுந்ததோ அங்கிருந்து தொடரலாம். அப்பாவும் மகளும் முன்னணியில் இருந்தார்கள். ஏழாவதில் பொடிசு விட்ட தட்டு மரத்தில் மோதி அவள் காலடிக்கே திரும்பி வந்தது. அப்பா, ஃபோர்ஹேண்ட் போட்டுப் பாருங்கள் என்று அவசர அவசரமாகக் கையை வீசிக் காட்டினாள். மகள் சொல்கிறாளே என்று அவரும் போட்டார். தட்டு குடிகாரன் மாதிரித் தள்ளாடி, இடது பக்கம் புரண்டு, குட்டையில் பொளக்கென்று விழுந்தது. கேன்டீன் ஆட்கள், வார்டு ஆட்கள் எல்லாரும் சுற்றி நிற்கிறார்கள். பொடிசு தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"கவுத்துட்டீங்களேப்பா."

ஒருத்தரை நம்பி ஒரு காரியத்தில் இறங்கி, அவர் பாதியில் நம் காலை வாரிவிட்டால் நம் வாயில் வருகிற வார்த்தை அது. நம்பினேன், கவுத்துட்டான் என்போம். கேன்டீன் ஆட்கள் சிரித்தார்கள். அத்தான் தட்டுப் பையைக் கீழே வைத்தார். "ஆமா, நான் கவுக்கிறவன்தான். இனிமே உன் வழியை நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் சொன்னது, ஆட்டத்துக்கு வேறு ஜோடி பார்த்துக்கொள் என்று. அவள் எடுத்துக்கொண்டது, வீட்டை விட்டுப் போ என்று. கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போயே போய்விட்டாள். போகிற அன்றைக்கு, அப்பா வந்து தடுப்பார் என்று வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக் கட்டி அவிழ்த்தாளாம். உள்ளே அப்பா, போகட்டுமா என்று அவள் கேட்பாள், வேண்டாம் என்று சொல்லலாம் என்று காத்திருந்தாராம். இரண்டையும் நடுவில் நின்று பார்த்த அக்கா அன்றைக்கு போனில் அழுததில் பாதி எனக்குப் புரியவே இல்லை. புரிந்த பாதிக்கே எனக்கு ரத்தம் கொதித்தது.

அதற்கப்புறம் ஒரு வருஷம். அக்காவோடு பொடிசு தினமும் பேசுவாள். அப்பா எப்படி இருக்கார் என்று கேட்பாள். அத்தான் அந்த நேரம் பார்த்து அடுக்களை வாசலில் வந்து நின்றுகொண்டு சுவரைப் பார்ப்பார். போனைக் கொடுத்தால் வாங்க மாட்டார்.

இந்த வருஷ ஜோடி ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு மாசம் இருக்கும்போது புதுச் சங்கதி வந்தது. கண்ணாடிக் கடை முதலாளி வேறொரு ஊரில் கிளை திறக்கிறார், பொடிசு போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பஸ்ஸில் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டிய தூரம். போகிறாளா இல்லையா என்று யோசித்துச் சொல்லச் சொல்லியிருந்தார். ஆட்டத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை, பதில் சொல்ல வேண்டும். அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"அப்பா ஒரு வார்த்தை 'இரு'ன்னு சொன்னா இருந்துடுவேன்னு சொல்றாடா. ஆனா நாம சொல்லி அவர் சொல்லக்கூடாதாம். அவரா சொல்லணுமாம்."

இப்போதே போய்ச் சொல்கிறேன் என்று நான் எழுந்தேன். அக்கா ஈரக் கரண்டியைத் தூக்கினாள். நான் வாயைத் திறந்தால் அப்புறம் இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்றாள். ஆக, மகள் போகப் போகிறாள் என்பது அத்தானுக்குத் தெரியும். ஒரு வார்த்தையில் நிறுத்திவிடலாம் என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். இந்த மாதிரி ஒரு குடும்பத்தில் பிறந்து தொலைத்தால் வேனில் தனியாகப் பேசிக்கொண்டு போகாமல் என்ன செய்வது?

சேதி கேட்ட அன்றைக்கு அத்தான் என்ன செய்தார் தெரியுமா? முடி வெட்டிக்கொள்ளப் போனார்.

காரணம் பிற்பாடுதான் விளங்கியது. பூங்கா வாசலில் சலூன் வைத்திருக்கிறவன்தான் இந்தப் பக்கத்திலேயே ஃபோர்ஹேண்டில் பெரிய கை. எங்களுக்கு அவன் பேரும் சலூன்தான். சொல்லிக்கொடு என்று அவனைக் கேட்டால் தீர்ந்தது. ஆனால் அத்தான் கேட்பாரா? நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்து, "இந்த ஃபோர்ஹேண்டுன்னு ஒண்ணு இருக்காமே" என்று பொதுவாகச் சொன்னார். சலூனுக்குக் கத்திரியை விட வாய் வேகம். சீப்பையே தட்டாகப் பிடித்து விளக்க ஆரம்பித்துவிட்டான். அடுத்த வாரமும் அத்தான் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். தலை வாரத்துக்கு வாரம் வெள்ளரிப்பிஞ்சு மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. வார்டில் ஒரு நர்ஸ், கரண்டிக்காரருக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள்.

அதை ஏன் கற்றுக்கொள்கிறீர்கள் என்று நான் கேட்டேன். "ஏழாவதுல நான் சரியாப் போட்டதை அவ பாத்தா, அவளுக்கே புரியும்" என்றார். என்ன புரியும்? நான் கவுக்கிறவன் இல்லை என்று. போன் என்று ஒன்று இருக்கிறதே அத்தான் என்றேன். ஒரு பட்டனை அமுக்கினால் விரல் தேயாது என்றேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் சலூனுக்கே விளங்கிவிட்டது. நானும் அன்றைக்கு அங்கே என் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, இனிமே வெட்ட ஒண்ணும் இல்ல. எழுந்து பின்னால வாங்க" என்று ஒரு தட்டைக் கையில் கொடுத்துக் கூட்டிப் போனான். கடைக்குப் பின்னால் காலி இடம். எதிர்ச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம். அத்தான் நின்றார், கையைப் பின்னால் கொண்டுபோனார், வீசினார். தட்டு தள்ளாடியது, புரண்டது, விளிம்பு தரையில் மோதிச் சக்கரம் மாதிரி உருண்டு போய்ச் சாக்கடையில் இறங்கியது.

"கவுத்துட்டீங்களேண்ணே" என்றான் சலூன்.

அத்தான் முகம் செத்துவிட்டது. போச்சுடா, இவனோடும் பேச்சு வார்த்தை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அத்தான் அவனைப் பார்த்து, நான் அறிந்து முதல் தடவையாக, பதில் வேண்டி ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன சொன்னே?"

"கையைத்தாண்ணே. கடைசியில மணிக்கட்டு கவுருது பாருங்க. உள்ளங்கை மேல பாக்கணும். நீங்க கரண்டியில ஊத்துற மாதிரி கவுத்துடுறீங்க. அதான் தட்டு புரளுது."

"அதுக்குப் பேரே அதுதானா?"

"வேற என்னன்னு சொல்றது? எங்க செட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். உங்க பொண்ணும் முதல்ல கவுத்துக்கிட்டுதான் இருந்துச்சு. சொல்லிச் சொல்லித்தான் நின்னுச்சு."

துணி அலச வைத்திருந்த ஒரு வாளி அங்கே கவிழ்ந்து கிடந்தது. அத்தான் அதன்மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் வலது கையைப் பார்த்தார். மெதுவாகத் திருப்பினார், மறுபடி நிமிர்த்தினார். "கையைச் சொல்லியிருக்கா" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஒரு வருஷம். ஒரு மணிக்கட்டைப் பற்றிச் சொன்ன வார்த்தைக்கு ஒரு வீடே வாயை மூடிக்கொண்டு ஒரு வருஷம் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியாமல் சாக்கடையில் கிடந்த தட்டைப் போய் எடுத்து வந்தேன்.

இப்போதாவது போன் போடுங்கள் என்றேன். போனை எடுத்தார். பொடிசு பேர் வரைக்கும் வந்துவிட்டார். திரை தானாக அணைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டார். "முதல்ல கையைச் சரி பண்ணிக்கிறேன்" என்றார். என்னத்தைச் சொல்ல.

சலூன் அவரை எடுத்துக்கொண்டு பிழிந்துவிட்டான். நடுவிரலின் சதை தட்டின் உள்விளிம்பில் அழுந்தி இருக்க வேண்டும், கட்டைவிரல் மேலே. முழங்கை விலாவை விட்டு அகலக்கூடாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். சவரத்துக்குப் போடுகிற துண்டை மடித்து அத்தான் அக்குளில் வைத்தான். தட்டு கையை விட்டுப் போன பிறகுதான் துண்டு விழ வேண்டும், முன்னால் விழுந்தால் தோளால் வீசுகிறார் என்று அர்த்தம். பலத்தைக் காட்டாதீங்கண்ணே, கத்தியை அமுக்கினா ரத்தம்தான் வரும் என்பான். முழங்கை முன்னால் வர, மணிக்கட்டு பின்னாலேயே வந்து ஒரு சுண்டு சுண்ட வேண்டும், அவ்வளவுதான். அதெல்லாம் அத்தானுக்கு வந்துவிட்டது. கடைசிக் கட்டம்தான் வரவில்லை. ஆயிரக்கணக்கான கிண்ணங்களில் ஊற்றிய கை, முடிக்கிற இடம் வந்தால் தானாகக் கவிழ்ந்தது.

சலூன் யோசித்துப் பார்த்துவிட்டு, "யாரோ ஏதோ குடுக்க வர்றாங்கன்னு நெனச்சுக்கங்க. வாங்கிக்கிற மாதிரி கையை ஏந்துங்க" என்றான்.

"நான் யார்கிட்டயும் கையேந்துறதில்ல" என்றார் அத்தான்.

"தட்டுக்கு அது தெரியாதுண்ணே" என்றான் சலூன்.

அத்தான் வீட்டுக்குப் போனார். அடுக்களையிலும் கூடத்திலும் கையை ஏந்தி ஏந்திப் பழகினார். எதற்காகக் கையை நீட்டுகிறார் என்று தெரியாமல் அக்கா முதல் நாள் அதில் காபியை வைத்தாள், இரண்டாம் நாள் காய்கறிப் பையை மாட்டினாள். கையில் எதையாவது வைத்தால் அவரும் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

விபரீதம் கேன்டீனில் வந்தது. கை நிமிரப் பழகியதும் கரண்டி கவிழ மறந்துவிட்டது. ஒரு நாள் சூப் வரிசையில் பெரிய டாக்டர் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். அத்தான் கரண்டியை முக்கினார், தூக்கினார், கிண்ணத்துக்கு மேலே கொண்டுவந்தார், உள்ளங்கை மேலே பார்க்க அப்படியே நின்றார். டாக்டர் காத்திருந்தார். வரிசை காத்திருந்தது. அப்புறம் அத்தான் பதறிப்போய் வெளிப்பக்கமாகக் கவிழ்க்க, சூப் முழுக்க டாக்டரின் சட்டைக் கையில் போனது. கரண்டிக்காரர் சிந்திவிட்டார் என்ற சேதி, நான் துணி மூட்டையோடு லிஃப்டில் மேலே போவதற்குள் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து அத்தான் இடது கையால் பரிமாற ஆரம்பித்தார். இடது கையால் அவர் ஊற்றிய அழகைப் பார்க்கச் சகிக்காது. மானத்தை விட்டுவிட்டு நின்றார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. மகள் வேண்டும் என்று அந்த மனுஷன் வாயால் சொல்லவில்லையே தவிர, உடம்பு முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜோடி ஆட்டம் வந்தது. அத்தானுக்கு நான் ஜோடி, வேறு யார் வருவார்கள்? பொடிசு சலூனோடு ஜோடி சேர்ந்திருந்தாள். நான்கு நான்கு பேராகப் பிரித்து அனுப்பியதில், நாங்கள் நாலு பேரும் ஒரே கூட்டத்தில் மாட்டிக்கொண்டோம். சலூன் ஏதாவது தில்லுமுல்லு செய்திருப்பான் என்று இப்போதும் சந்தேகம் இருக்கிறது.

முதல் ஆறு கூடைக்கும் அப்பாவும் மகளும் என் வழியாகத்தான் பேசினார்கள். "மாமா, அவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க." "அவளை முதல்ல போடச் சொல்லுப்பா." இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொட்டுவிடுகிற தூரத்தில் நிற்கிறார்கள், நடுவில் நான் தபால்காரன். பொடிசு இளைத்திருந்தாள். அப்பாவின் மொட்டைத் தலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். என்னிடம் மெதுவாக, அவருக்கு உடம்பு சரிதானே என்று கேட்டாள். அவரையே கேளு என்றேன். கேட்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை. அறையில் பெட்டிகூடக் கட்டி வைத்துவிட்டதாக அக்கா சொல்லியிருந்தாள்.

ஏழாவதுக்கு வந்தோம். பொடிசும் சலூனும் போட்டு முடித்தார்கள். இரண்டு பேர் தட்டும் வளைவைத் தாண்டி நன்றாகவே விழுந்தன. எங்கள் ஜோடியில் நான் முதலில் போட்டேன். குட்டை என்னை அடையாளம் கண்டுகொண்டது. மறுபடியும் எல்லாம் அத்தான் தலையில். பேக்ஹேண்டில் பாதி தூரத்துக்கு மெதுவாகப் போட்டுவிட்டு அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அத்தான் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து அக்குளில் வைத்தார். பொடிசு அதைப் பார்த்தாள். சலூன் அவளுக்கும் அப்படித்தான் துண்டு வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. 

அத்தான் வீசினார்.

தட்டு சத்தமே போடாமல் போனது. தள்ளாட்டம் இல்லை. மரங்களுக்கு நடுவே நேராகப் போய், வளைவு வந்ததும் தானாக வலது பக்கம் சாய்ந்து கண்ணுக்கு மறைந்தது. அதற்கப்புறம்தான் துண்டு கீழே விழுந்தது. சங்கிலிச் சத்தம் கேட்கும் என்று நின்றோம். கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து எங்கோ தூரத்தில் தகரத்தில் டங்கென்று ஒரு சத்தம். கூடையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, தோட்டக்காரரின் கொட்டகைக் கூரை. அதற்கு முன்னால் அவ்வளவு சுத்தமாக ஒன்றை அவர் வீசியதே கிடையாது, அது எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆட்டக் கணக்கில் அதுவும் குட்டையும் ஒன்றுதான்.

நானும் சலூனும் கூரை இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பொடிசு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவின் கையைப் பார்த்தாள். கை நீட்டின மேனிக்கு இருந்தது, உள்ளங்கை மேலே பார்க்க.

"கவுக்கலப்பா" என்றாள். என்னிடம் இல்லை, நேராக அவரிடம்.

அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார். கையை இறக்க மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். "அன்னிக்கு நீ கையைத்தான் சொன்னேன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார்.  அப்புறம் சொன்னார்.

"இரு."

 அக்காவுக்கு இப்போதே போன் போட வேண்டும் என்று கை பாக்கெட்டுக்குப் போனது. ஆனால் பொடிசு இருக்கிறாளே, அவள் அப்பனுக்குப் பிறந்தவள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "எங்க? இங்கயா? நீங்க தட்டை எடுத்துட்டு வர்ற வரைக்குமா?" என்று கேட்டாள். குரல் மட்டும் சரியாக இல்லை.

ஆமாம் என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தேடப் போயிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்குள் அவர் நழுவிப் போகத் தோதான ஒரு சந்து இருந்தது. எத்தனையோ சந்துகளில் நழுவினவர்தான். பாவி, போய்விடாதே என்று மனசுக்குள் கத்தினேன்.

"இல்ல. நம்ம வீட்டுல" என்றார். "ஊருக்குப் போகாதம்மா. நீ இல்லாம எனக்கு முடியல."

கை இன்னும் நீட்டியே இருந்தது.  எல்லாரும் பார்க்க, மொட்டைத் தலையோடு, பரிமாறுகிற மேடை எதுவும் முன்னால் இல்லாமல் நிற்கிறார். எனக்கு அவர் விடுதியில் தட்டை நீட்டின கதை ஞாபகம் வந்தது. கண்ணில் ஏதோ விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டேன். சலூன் மரியாதையாக ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொடிசு கிட்டே வந்தாள். தோளில் கிடந்த தன் தட்டுப் பையைக் கழற்றி அந்தக் கையில் மாட்டினாள். "இதைப் பிடிங்க. ஒரு வருஷமா நானே தூக்கிச் சுமந்து தோள் வலிக்குது" என்றாள். அவ்வளவுதான் அவள் பதில். அத்தான் விரல்களை மடக்கிப் பையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர், இரண்டு பேரும் துடைக்கவில்லை. சொன்னேனே, ஒரே அச்சு.

"கூரையில இருந்து தட்டை எடுக்க ஏணி வேணும்" என்றாள் பொடிசு. "நீங்கதாம்பா போய்க் கேக்கணும்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கேட்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். பையைச் சுமந்துகொண்டு வேலிப் பக்கம் நடந்தார். கொட்டகை வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் கைப்பிடி போட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரரிடம், ஏணி இருக்கிறதா என்று கேட்டார். தோட்டக்காரர் தலையைத் தூக்காமலே, இல்லை என்றார்.

 அத்தான் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அடுத்த ஆளிடம் கேட்கப் போனார்.